கையசைவால் மெய்நிகர் பொருள்களைக் கையாளுதல்: வகுப்பறையில் எந்தப் பாடத்துக்கு இது உண்மையில் தேவை?

விகிதமுறு (நடுநிலைப் பள்ளி, கணிதம்) – இழையைத் தொடங்கியவர்

எங்கள் பள்ளிக்குக் கையசைவை உணரும் கேமராவும் அதற்குரிய மென்பொருளும் வாங்கித் தர ஒரு நன்கொடையாளர் முன்வந்திருக்கிறார். திரையில் மிதக்கும் கனசதுரத்தைக் கையால் பிடித்துத் திருப்புவது, விரல்களை விரித்துச் சூரியக் குடும்பத்தைப் பெரிதாக்குவது, தவளையின் உடலை உறுப்பு உறுப்பாகப் பிரித்து வைப்பது என்று விற்பனைப் பிரதிநிதி காட்டிய காட்சிகள் எல்லாமே கண்ணைக் கவர்ந்தன. ஆயினும் அவற்றைப் பார்க்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. விரல்களை விரித்தால் கோள் பெரிதாகிறது. அந்த அசைவுக்கும் கோளைப் பற்றி மாணவர் அறிய வேண்டியதற்கும் என்ன தொடர்பு? மவுஸால் சொடுக்கினாலும் அதே கோள் அதே அளவுக்குப் பெரிதாகத்தான் போகிறது.

இதற்கு நேர்மாறான ஓர் எடுத்துக்காட்டை முன்வைக்கிறேன். பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் டோர் ஆபிரகாம்சன் என்னும் கணிதக் கல்வி ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் விகிதத்தைக் கற்பிக்க ஒரு பயிற்சிக் கருவியை உருவாக்கினார்கள். மாணவர் திரைக்கு எதிரே இருந்துகொண்டு இரண்டு கைகளையும் மேலும் கீழும் நகர்த்த வேண்டும். மேசை மட்டத்திலிருந்து இரு கைகளின் உயரங்களும் 1:2 என்ற விகிதத்தில் இருந்தால் திரை பச்சையாகும், பிசகினால் சிவப்பாகும். எண்ணோ சூத்திரமோ எதுவும் முதலில் தோன்றுவதில்லை. திரையைப் பச்சையாகவே வைத்திருக்க வேண்டும் என்பதே பணி. பச்சை கிடைத்ததும் பல பிள்ளைகள் இரு கைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியை மாற்றாமல் இரண்டையும் ஒன்றாக மேலே தூக்குகிறார்கள், திரை சிவந்துவிடுகிறது. மேலே போகப் போக இடைவெளி விரிந்தாக வேண்டும் என்பதை அவர்களுடைய கைகளே கண்டுபிடிக்கின்றன. அதன் பிறகுதான் திரையில் கட்டக்கோடுகள் வருகின்றன. அவற்றுக்கும் பிறகு எண்கள் வருகின்றன. தொடக்கக்காலப் பதிப்புக்கு வீ விளையாட்டுக் கருவியின் கைப்பிடியிலிருக்கும் அகச்சிவப்புக் கேமராவே போதுமானதாக இருந்தது.

ஆறாம் வகுப்பில் விகித சமம் நடத்துகிறவர்கள் எல்லாரும் அறிந்த பிழை ஒன்று உண்டு. 2:3 என்பதற்குச் சமமான விகிதம் கேட்டால், இரண்டு பக்கமும் 2 கூட்டி 4:5 என்று எழுதிவிடுவார்கள். இடைவெளியை மாற்றாமல் கைகளைத் தூக்கும் பிள்ளை செய்வதும் அதே பிழைதான். ஆனால் அங்கே அது விடைத்தாளில் சிவப்பு மையாக வருவதற்கு முன்பே, செய்துகொண்டிருக்கும்போதே, பிள்ளையின் கண்ணுக்குப் புலப்பட்டுவிடுகிறது. இந்தக் கருவியில் கையை எடுத்துவிட்டால் பாடமே இல்லை. என் நிலைப்பாடு இதுதான்: அசைவே கருத்தாக அமையும் பாடங்களுக்கு மட்டும் இத்தொழில்நுட்பத்தை எடுத்துக்கொள்வோம், மற்றவற்றுக்குப் படமும் காணொளியும் போதும். உங்கள் பாடங்களில் அப்படி எவை இருக்கின்றன என்று அறிய விரும்புகிறேன்.

---

நிலைமின் (உயர்நிலைப் பள்ளி, இயற்பியல்)

இயற்பியலில் முதலில் நினைவுக்கு வருவது ஃபிளெமிங்கின் இடக்கை விதி. சுட்டுவிரல் காந்தப்புலம், நடுவிரல் மின்னோட்டம், பெருவிரல் விசை என்று மூன்றையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்துக்கொள்ளச் சொல்கிறோம். கையைத்தான் கருவியாகக் கொடுக்கிறோம். ஆனால் அந்தக் கையைத் தட்டையான தாளில் வரைந்த படத்தோடு பொருத்திப் பார்க்கச் சொல்கிறோம். தாளுக்குள் செல்லும் புலத்துக்குப் பெருக்கல் குறியும், தாளிலிருந்து வெளிவரும் புலத்துக்குப் புள்ளியும் இட்டுவிட்டு, அவற்றை மனத்துக்குள் முப்பரிமாணமாக நிமிர்த்திக்கொள்ளும்படி விட்டுவிடுகிறோம். தேர்வறையில் மணிக்கட்டை முறுக்கிக்கொண்டு தவிக்கும் மாணவர்களை ஒவ்வோர் ஆண்டும் காண்கிறோம்.

மாணவரின் கையையே கேமரா பார்த்து, அந்தக் கையைச் சுற்றித் திரையில் புலக்கோடுகளை வரைந்து, கை திரும்பும்போதெல்லாம் கம்பியின் மீது செயல்படும் விசையின் திசையும் திரும்புவதைக் காட்டினால், தாளுக்கும் முப்பரிமாண வெளிக்கும் இடையிலுள்ள அந்தத் தாவல் தேவைப்படாது. மின்னோட்டமும் புலமும் இணையாகும்போது விசை சுழியாவதையும் அவர் தம் கையாலேயே காண்பார். விகிதமுறு ஐயா சொன்ன அளவுகோலுக்கு இது முழுவதும் பொருந்துகிறது.

கையோடு நிற்காமல் உடல் முழுவதையும் பயன்படுத்திய முயற்சிகளும் உண்டு. ராப் லிண்ட்கிரெனும் அவருடைய சக ஆய்வாளர்களும் தரையில் விண்வெளியை ஒளிவீசிக் காட்டி, கோளின் அருகே செல்லும் விண்கல்லின் பாதையை மாணவர் நடந்தும் ஓடியும் முன்கூட்டியே காட்டும்படி ஒரு பாவனைச் சூழலை அமைத்தார்கள். 2016இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், இதே பாடத்தைக் கணினித் திரையில் கற்றவர்களைவிட உடலால் கற்றவர்கள் கூடுதலாகக் கற்றிருந்தார்கள். கோளின் ஈர்ப்பு பாதையை வளைக்கும், வேகத்தைக் கூட்டும் என்பதை எத்தனை முறை கரும்பலகையில் வரைந்தாலும், நேர்கோட்டில் ஓடத் தொடங்கிய பிள்ளை தன் கால்களால் உணர்வதற்கு அது ஈடாகாது.

---

மணிச்சட்டம் (தொடக்கப் பள்ளி)

இருவர் எழுதியதையும் கவனமாகப் படித்தேன். எனினும் அடிப்படையிலேயே எனக்கு ஒரு மறுப்பு உண்டு. தொடக்கப் பள்ளியில் நாங்கள் புளியங்கொட்டை, மணிகள், தீக்குச்சிக் கட்டு, பத்துகளுக்கான கம்பிகள், நூறுகளுக்கான பலகைகள் என்று கையில் எடுத்து வைக்கக்கூடிய பொருள்களைக் கொண்டே எண்களைக் கற்பிக்கிறோம். அவற்றுக்கு எடை உண்டு, விளிம்பு உண்டு, விழுந்தால் ஓசை உண்டு. பத்துக் குச்சிகளைச் சேர்த்து ரப்பர் வளையம் போடும்போது அந்தக் கட்டின் பருமன் பிள்ளையின் கைக்குத் தெரிகிறது. மெய்நிகர் கனசதுரத்தைப் பிடிக்கும் கை காற்றைத்தான் பிடிக்கிறது. பொருள் கையை எதிர்த்துத் தள்ளாதபோது அங்கே தொடுதல் எங்கே இருக்கிறது? உண்மையான பொருள் மலிவாகக் கிடைக்கும் இடத்தில் அதன் நிழலை விலை கொடுத்து வாங்கக் கூடாது என்பதே என் உறுதியான எண்ணம்.

மேலும், நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளை திரைக்கு முன் நின்று கையை அசைத்தால் மற்றவர்கள் அனைவரும் வேடிக்கை பார்ப்பார்கள். புளியங்கொட்டை நாற்பது பேர் கையிலும் இருக்கும்.

---

விகிதமுறு

அம்மா எழுப்பிய மறுப்பே இந்த இழையின் மையமான கேள்வி என்று கருதுகிறேன். எனவே சற்று விரிவாக எழுத அனுமதியுங்கள்.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் சூசன் கோல்டின்-மெடோ பல பதிற்றாண்டுகளாகக் கையசைவுக்கும் கற்றலுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து வருகிறார். அந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் கணக்கு 4 + 3 + 6 = __ + 6 என்பதைப் போன்றது. சமக்குறியைக் கண்டதும் எல்லாவற்றையும் கூட்டிவிட வேண்டும் என்று எண்ணும் பிள்ளை 13 என்றோ 19 என்றோ எழுதும். இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்று புரிந்துகொண்ட பிள்ளை, 4ஐயும் 3ஐயும் சேர்த்து 7 என்று எழுதும். 2008இல் சூசன் வாக்னர் குக்கும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர் செய்து காட்டிய கையசைவைத் தாமும் செய்துகொண்டே கற்ற பிள்ளைகள் நான்கு வாரங்களுக்குப் பிறகும் கற்றதைத் தக்கவைத்திருந்தார்கள். வாய்ச்சொல்லை மட்டும் திரும்பச் சொல்லிக் கற்றவர்கள் அந்த அளவுக்குத் தக்கவைத்திருக்கவில்லை.

2014இல் மிரியம் நோவாக் முதலியோர் அதே குழுவிலிருந்து வெளியிட்ட ஆய்வு நம் விவாதத்துக்கு இன்னும் நெருக்கமானது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை மூன்று வகையாகப் பிரித்தார்கள். முதல் வகையினர் 4, 3 என்று எழுதிய காந்தத் தகடுகளை உண்மையிலேயே கையில் எடுத்து வெற்றிடத்தில் சேர்த்துப் பிடித்தார்கள். இரண்டாம் வகையினர் தகடுகளைத் தொடாமல், எடுத்து வைப்பதைப் போல் பாவனை மட்டும் செய்தார்கள். மூன்றாம் வகையினர் இரண்டு விரல்களால் அந்த இரு எண்களையும் சேர்த்துச் சுட்டிவிட்டு, ஒரு விரலால் வெற்றிடத்தைச் சுட்டினார்கள். பயிற்சி பெற்ற அதே வடிவக் கணக்குகளை மூன்று வகையினருமே கற்றுக்கொண்டார்கள். ஆனால் கணக்கின் வடிவம் மாறியபோது, தகடுகளை உண்மையில் எடுத்து வைத்தவர்கள் தடுமாறினார்கள். கையசைவால் கற்றவர்களே புதிய வடிவத்துக்கும் கருத்தைக் கொண்டுசென்றார்கள். அவர்களிலும் விரலால் சுட்டியவர்கள் மிகத் தொலைவான வடிவங்கள்வரை போனார்கள்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இது. பொருளைத் தொடும் கை அந்தப் பொருளோடு கட்டுண்டு போகலாம். வெறுங்கை கருத்தைத் தன்னோடு எடுத்துச் செல்கிறது. புளியங்கொட்டையை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. எண்ணிக்கை என்றால் என்ன என்று அறியாத ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது வேண்டும். ஆனால் மெய்நிகர் பொருளில் எடையும் எதிர்ப்பும் இல்லை என்று தாங்கள் சுட்டிய குறை, சில பாடங்களில் குறையாக இல்லாமல் போகிறது. மெய்நிகர் பொருள் கைக்கு எதையும் தருவதில்லை. அதனால் கை ஏற்கெனவே பாதி வழி கருத்தை நோக்கி வந்துவிட்டது.

இதே ஆய்வு மெய்நிகர்ப் பொருளை விற்கிறவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. திரையிலிருக்கும் கனசதுரம் எந்த அளவுக்கு உண்மையானதாகத் தோன்றுகிறதோ, எந்த அளவுக்கு அதைப் பிடித்து இழுக்கும் சுவையே பெரிதாகிறதோ, அந்த அளவுக்குப் பிள்ளை தகடுகளை எடுத்து வைத்த முதல் வகையினரின் நிலைக்குத் திரும்பிவிடக்கூடும். ஆகவே நல்ல பாடத்தில் மெய்நிகர்ப் பொருள் சில நிமிடங்களில் மறைந்தாக வேண்டும், அசைவு மட்டும் மிஞ்ச வேண்டும் என்று நினைக்கிறேன். வாங்கச் சொல்லப்படும் மென்பொருள்களில் எதுவும் இப்படி அமைக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

---

ஆழப்புள்ளி (மென்பொருள் பொறியாளர்)

கருவியைப் பற்றிச் சில செய்திகளைச் சொல்வது வாங்கும் முடிவுக்கு உதவும்.

ஆழத்தை, அதாவது கேமராவிலிருந்து பொருள் இருக்கும் தூரத்தை, அளக்கும் தனிக் கேமராக்களை நம்பிப் பாடம் அமைக்க வேண்டாம் என்பது என் அழுத்தமான வேண்டுகோள். மைக்ரோசாஃப்ட்டின் கைனெக்ட் 2010 நவம்பரில் வந்தபோது கல்வி ஆய்வாளர்கள் பலர் அதைக் கொண்டு அருமையான பாடங்களை உருவாக்கினார்கள். 2017இல் அதன் உற்பத்தி நின்றது. 2019இல் வந்த அஷூர் கைனெக்டின் உற்பத்தியும் 2023இல் நிறுத்தப்பட்டது. ஒவ்வொரு முறையும் கருவியோடு பாடங்களும் அநாதையாயின. அத்துடன், முதல் கைனெக்ட் அகச்சிவப்புப் புள்ளிகளை அறை முழுவதும் தூவி, அவை விழுந்த இடத்தைக் கொண்டு ஆழத்தைக் கணக்கிட்டது; வெயில் நேரடியாக விழும் இடத்தில் சூரிய ஒளியிலுள்ள அகச்சிவப்பு அந்தப் புள்ளிகளை மூழ்கடித்துவிடும். சன்னல்களைத் திறந்து வைத்து நடத்தும் நம் வகுப்பறைகளுக்கு அது பொருந்தாத ஏற்பாடு.

இப்போது சாதாரண வெப்கேம் போதும். கூகுள் 2019இல் வெளியிட்ட மீடியாபைப் என்னும் திறந்த மூலக் கருவித்தொகுப்பு, ஒளிப்படத்தில் முதலில் உள்ளங்கை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, பிறகு அந்தக் கையில் மணிக்கட்டு முதல் விரல்நுனிகள்வரை 21 புள்ளிகளைக் குறிக்கிறது. இது உலாவியிலேயே இயங்கும். இதன் வரம்புகளையும் அறிந்துகொள்ள வேண்டும். ஒரு விரலுக்குப் பின்னால் இன்னொரு விரல் மறைந்தால், மறைந்த விரலை மென்பொருள் ஊகிக்கத்தான் செய்கிறது. நிலைமின் ஐயா சொன்ன இடக்கை விதியில் நடுவிரல் கேமராவை நோக்கி நீண்டிருக்கும் நிலைகள் வரும். அப்போது புள்ளிகள் நடுங்கும். அந்தப் பாடத்துக்குக் கேமராவைச் சற்றுப் பக்கவாட்டில் வைப்பது நல்லது. கைகளின் உயரத்தை மட்டும் பார்க்கும் விகிதப் பாடத்துக்கு இந்தச் சிக்கலே இல்லை.

இன்னொரு பிரச்சினை, மென்பொருளுக்கு நோக்கம் தெரியாது என்பது. மவுஸில் அழுத்தம் என்ற தெளிவான செயல் இருக்கிறது. கையசைவில் தலையைச் சொறிவதும் ஒரு பொருளை எடுப்பதும் கேமராவுக்கு ஒன்றுபோல் தோன்றலாம். 'பிடி', 'விடு', 'பட்டியலைத் திற' என்று தனித்தனிச் சைகைகளை வைத்த மென்பொருள்களில் பிள்ளைகள் பாதி நேரத்தை அந்தச் சைகைகளைக் கற்பதிலேயே செலவிடுகிறார்கள். பெர்க்லிக் கருவியில் அப்படிப்பட்ட கட்டளைச் சைகை எதுவும் இல்லை. கை எங்கே இருக்கிறதோ அதுவே விடை. இத்தகைய அமைப்பைத் தேடுங்கள்.

அதற்குச் செலவும் இல்லை. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் திட்டம் இலவசமாகத் தரும் பாவனைப் பாடங்களில் விகிதமும் விகித சமமும் பற்றிய ஒன்று இருக்கிறது. இரண்டு கைகளைத் திரையில் மேலும் கீழும் நகர்த்துவதுதான் அதன் அமைப்பு. அதன் விருப்பத்தேர்வுகளில் கேமராவை இயக்கினால் மாணவர் தம் உண்மையான கைகளாலேயே அவற்றை நகர்த்தலாம். நன்கொடையாளரிடம் பணம் கேட்பதற்கு முன் இதை ஒரு மடிக்கணினியில் முயன்று பாருங்கள்.

கடைசியாகக் களைப்பு. நீட்டிய கையைத் தோள் மட்டத்தில் வைத்திருந்தால் மிக விரைவில் வலிக்கும். முழங்கையை மடக்கி, இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில் கையை வைத்திருக்கும் நிலையே தாங்கக்கூடியது என்பதை இத்துறையின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கேமராவையும் திரையையும் பிள்ளையின் உயரத்துக்கு ஏற்பத் தாழ்த்தி வையுங்கள்.

---

சமவாய்ப்பு (சிறப்புக் கல்வி ஆசிரியர்)

எல்லாப் பிள்ளைகளுக்கும் இரண்டு கைகளும் ஒன்றுபோல் இயங்கும் என்ற எண்ணத்தின் மேல் இவ்விவாதம் நடக்கிறது. பெருமூளை வாதம் உள்ள பிள்ளையின் கை நடுங்கும், அல்லது ஒரு பக்கம் மட்டும் உயரும். மென்பொருள் அந்த நடுக்கத்தைப் பிழையாக எண்ணித் திரையைச் சிவப்பாக்கிக்கொண்டே இருந்தால், கணக்கில் தவறே செய்யாத பிள்ளை வகுப்புக்கு முன் தவறியதாகக் காட்டப்படும். எனவே எந்த அளவு பிசகுவரை பச்சை நிலைத்திருக்க வேண்டும் என்பதை ஆசிரியர் மாற்றியமைக்க வசதி இருக்க வேண்டும். ஒரு கை உயரத்தை இன்னொரு மாணவர் தரலாம். இருவர் சேர்ந்து ஒரு விகிதத்தைக் காப்பது நல்ல பாடமாகவும் அமையும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத சிறுவர்கள் ஏறக்குறைய எல்லாப் பள்ளிகளிலும் இருக்கிறார்கள். நிறத்தோடு ஓசையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செவித்திறன் குறைந்த பிள்ளைகளிடம் நிலைமை வேறு. சைகை மொழியில் வளர்ந்தவர்கள் கைகளால் இடத்தையும் ஒப்பீட்டையும் காட்டுவதில் தேர்ந்தவர்கள். இத்தகைய பாடங்களில் அவர்கள் வகுப்பை வழிநடத்தக்கூடும். ஆனால் மென்பொருள் கட்டளையாக வைத்திருக்கும் ஒரு சைகைக்கு அவர்களுடைய மொழியில் வேறு பொருள் இருந்தால் குழப்பம் வரும். ஆழப்புள்ளி சொன்னதுபோல் கட்டளைச் சைகைகளே இல்லாத அமைப்பு இங்கும் நல்லது.

வகுப்பில் கேமரா இருப்பது பற்றியும் ஒரு சொல். 2023ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கோருகிறது. படம் மடிக்கணினியை விட்டு வெளியே போகாத, எதையும் சேமிக்காத மென்பொருளையே தேர்ந்தெடுங்கள். பெற்றோரிடமும் முன்பே சொல்லிவிடுங்கள்.

---

மணிச்சட்டம்

விகிதமுறு ஐயா விளக்கிய 2014ஆம் ஆண்டு ஆய்வு என்னைச் சிந்திக்க வைத்தது. மணிச்சட்டம் (அபாகஸ்) பயின்ற பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். முதலில் உண்மையான சட்டத்தில் மணிகளைத் தள்ளுகிறார்கள். தேர்ச்சி பெற்ற பிறகு சட்டம் இல்லாமலேயே மனத்துக்குள் கணக்கிடுகிறார்கள். அப்போதும் விரல்கள் காற்றில் அசைந்துகொண்டேதான் இருக்கின்றன. அங்கே மணிகள் மெய்நிகர்ப் பொருள்கள் என்று சொல்லலாம். அவற்றைப் பார்க்கத் திரையும் தேவைப்படவில்லை. பொருளிலிருந்து வெறுங்கைக்குப் போகும் பாதை என்று ஐயா சொல்வது இதுவாக இருந்தால் அதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளை உண்மையான மணிகளில் தொடங்கியது என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

நாற்பது பேர் வேடிக்கை பார்ப்பார்கள் என்ற என் கவலைக்கு மட்டும் இன்னும் விடை கிடைக்கவில்லை.

---

நிலைமின்

அம்மாவின் அந்தக் கவலை எனக்கும் உண்டு. ஒரு பாடவேளையில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிடம் என்று வைத்தால்கூட, வருகைப்பதிவுக்கே நேரம் மிஞ்சாது. நான் எழுதிய விண்கல் பாடத்துக்கு வகுப்பறைத் தளமே போதாது. அதை எங்கள் பள்ளிகளில் நடத்த முடியும் என்று நான் நம்பவில்லை.

---

விகிதமுறு

2008ஆம் ஆண்டு ஆய்வில் பிள்ளைகள் செய்தது ஆசிரியரின் கையசைவைப் பார்த்துத் தாமும் செய்ததுதான். அவர்கள் கையில் எந்தக் கருவியும் இல்லை. அப்படியானால் வகுப்பில் கேமராவுக்கு முன் ஒரு பிள்ளை போதும். மற்றவர்கள் தத்தம் இருக்கையிலேயே வெறுங்கைகளை உயர்த்தி, முன்னே நிற்பவரின் திரை பச்சையாகும் என்று தாங்கள் கருதும் நிலையைக் காட்டட்டும். முன்னே நிற்பவர் அதன் பிறகே கையை நகர்த்தட்டும். அப்போது வேடிக்கை பார்க்க யாரும் இருக்க மாட்டார்கள்; நாற்பது ஊகங்கள் காற்றில் நிற்கும், அவற்றில் எவை சரி என்பதைத் திரை சொல்லும். எந்தப் பிள்ளை இடைவெளியை மாற்றாமல் கைகளைத் தூக்கியிருக்கிறது என்பதும் ஆசிரியருக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும். விடைத்தாள் திருத்தும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

மூன்று பாடவேளைகளாக இதைப் பிரித்திருக்கிறேன். முதல் வேளையில் திரையும் நிறமும் ஓசையும் மட்டும், எண்கள் இல்லை. சமவாய்ப்பு அவர்கள் சொன்னபடி இருவர் ஆளுக்கொரு கையாகச் சேர்ந்தும் செய்வார்கள். இரண்டாம் வேளையில் கட்டக்கோடுகளும் எண்களும் வரும். மூன்றாம் வேளையில் கணினி அணைக்கப்பட்டிருக்கும். 2:3, 3:5 என்று கரும்பலகையில் எழுதிக் கைகளால் மட்டும் காட்டச் சொல்வேன், பிறகு குறிப்பேட்டுக்குப் போவோம். பக்கத்துப் பிரிவுக்கு அதே பாடத்தை வழக்கமான முறையில் இன்னோர் ஆசிரியர் நடத்துகிறார். நான்கு வாரங்கள் கழித்து, 4:5 என்று எழுதும் அந்தப் பிழை எந்தப் பிரிவில் எவ்வளவு இருக்கிறது என்று இருவரும் ஒரே வினாத்தாளை வைத்துப் பார்ப்போம். இரு பிரிவுகளை வைத்து எதையும் நிறுவிவிட முடியாது. ஆயினும் எங்கள் பிள்ளைகளுக்கு இது உதவுகிறதா என்று அறிய அதுவே தொடக்கம்.

நன்கொடையாளரிடம் ஆழக் கேமராவும் மென்பொருளும் வேண்டாம் என்று எழுதப்போகிறேன். பழுதடைந்த புரொஜெக்டரைச் சரிசெய்யவும், ஒரு வெப்கேமும் அதைப் பிள்ளைகளின் உயரத்துக்குத் தாழ்த்தி வைக்க ஒரு தாங்கியும் வாங்கவும் உதவி கேட்பேன். மீதித் தொகைக்கு மணிச்சட்டம் அம்மாவின் பட்டியலில் உள்ள பத்துகளின் கம்பிகளையும் நூறுகளின் பலகைகளையும் தொடக்கப் பிரிவுக்கு வாங்கலாம்.

நிலைமின் ஐயாவிடம் ஒரு வேண்டுகோள். இடக்கை விதிப் பாடத்தில் கேமராவைப் பக்கவாட்டில் வைத்தால் நடுவிரல் புள்ளிகளின் நடுக்கம் குறைகிறதா என்பதைத் தங்கள் ஒன்பதாம் வகுப்பில் பார்த்துச் சொல்ல இயலுமா? குறைகிறது என்றால், அந்தப் பாடத்தை அமைப்பதில் நானும் ஆழப்புள்ளி அவர்களும் உடன் இருக்கிறோம்.